சிவகாமி வீடு என்ற பெயர்

ஜூலை 2, செவ்வாய்

கோயம்புத்தூர் டாக்டர் இன்று சொல்லிவிட்டார். கணையத்தில் ஆரம்பித்தது கல்லீரலுக்குப் போய்விட்டது. மருந்து கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வலி இல்லாம வெச்சுக்கலாங்க. மூணு வாரம், நாலு வாரம். பார்க்க வேண்டியவங்களைப் பார்க்கட்டும்" என்றார். சிவகாமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரைச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

உடுமலைப்பேட்டை திரும்பும் வழியில் கார் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி சொன்னாள்: "பிருந்தாவ ஒருக்கா பாக்கோணும்."

மூன்று வருடத்தில் அந்தப் பெயரை என்னிடம் அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தபோது தினமும் ஷிப்ட் குறிப்பு எழுதுவேன். ஓய்வு பெற்றபின் இன்றுதான் மறுபடி எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதினால் புத்தி தெளியும்.

பிருந்தா எங்கள் ஒரே மகள். கோவையில் கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை பார்த்த ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். எங்கள் ஆள் இல்லை. நான் சத்தம் போட்டேன். போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

ஜூலை 3, புதன்

பழைய எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. நான்கு முறை போட்டேன். கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தேன், பாதி குடித்தாள்.

ஜூலை 4, வியாழன்

பிருந்தாவின் சிநேகிதி ஷர்மிளாவின் எண் எங்கள் வீட்டுப் பழைய விசேஷத்து விருந்தாளிப் பட்டியல் ஒன்றில் கிடைத்தது. எடுத்தாள்.

"அங்கிள், அவ நம்பர் என்கிட்ட இல்ல."

"பொய் சொல்லாதம்மா. சிவகாமிக்கு ரொம்ப முடியலை. டாக்டர் நாள் குறிச்சுட்டாரு."



"ரெண்டு வருசம் முன்னாடியும் இதையேதான சொன்னீங்க? ஆன்ட்டிக்கு ஹார்ட் அட்டாக்குன்னு. நம்பி அவள பஸ் ஏத்தி விட்டது நானு. உடுமலை பஸ் ஸ்டாண்டுல உங்கண்ணன் பசங்க நாலு பேரு நின்னுட்டு இருந்தாங்க. பஸ்ஸ விட்டு எறங்காம அப்படியே பழனி போயி, அங்கிருந்து எனக்கு போன் பண்ணி அழுதா. மன்னிச்சுக்குங்க அங்கிள்."

வைத்துவிட்டாள். பிறகு எடுக்கவில்லை.

அண்ணன் மகன்கள் பேசுவதற்குத்தான் நின்றார்கள். நானும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 6, சனி

வலிக்கு ஒட்டும் பட்டையை மாற்றினேன். முதுகில் ஒட்டும்போது எலும்பு கையில் தட்டுகிறது.

படுத்தபடியே கேட்டாள். "ஏனுங்க, அந்தப் பொட்டி எங்க வெச்சீங்க?"

"எந்தப் பொட்டி?"

"பிருந்தா மாட்டிக் குடுத்தாளே, போட்டோ எல்லாம் போட்டு வெக்கறது."

ஐந்து வருடம் முன்பு பிருந்தா வாங்கி வந்தது. செங்கல் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஹார்ட் டிஸ்க். குடும்பப் படங்கள் எல்லாம் அதில். வெளியூரில் இருந்தாலும் ஒரு பெயரை அடித்தால் நம் வீட்டுப் பெட்டி திறக்கும் என்று அம்மாவுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். 'சிவகாமிவீடு' என்று பெயரும் வைத்தாள்.

"அது ரிப்பேருன்னு சொன்னனே" என்றேன்.

"அட்டத்துல இருக்குதா பாருங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமையானா நான் போன்ல இருந்து ஒரு போட்டோ அதுல போடுவனுங்க. அவ வந்து பாப்பா. ஒரு வார்த்த பேசிக்கிட்டதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் கஷ்டம்னு."

நான் ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்பட்டதுபோல் இருந்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து ரவுட்டரில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்குள் இருந்து பார்த்தால் திறக்கிறது. வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் அந்தப் பெயரை அடித்தால் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது. வெளியிலிருந்து அவள் அடித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

பெட்டியில் யார் யார் எப்போது வந்தார்கள் என்ற பதிவு இருக்கிறது. கடைசியாக: பிப்ரவரி 11, ஞாயிறு, காலை 10.40, பிருந்தா. அதற்கு முந்தைய ஞாயிறு 10.38. அதற்கு முன் 10.45. இரண்டரை வருடம் வரிசையாகப் போகிறது. ஒரு ஞாயிறு கூட விடவில்லை.

சிவகாமி போட்டிருந்த படங்களைப் பார்த்தேன். இட்லித் தட்டு. முருங்கைப் பூ. பின்கதவில் வந்து நின்ற பூனை. அவளுடைய புது மூக்குக் கண்ணாடி. எதிலும் நான் இல்லை.

ஜூலை 8, திங்கள்

மூன்று முறை வாந்தி. பெட்டிப் பக்கம் போக முடியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நெட் கனெக்‌ஷன் கொடுத்த குமரவேலை வரவழைத்தேன். பிப்ரவரியில் பழைய கம்பெனியை விட்டு இவரிடம் மாறினேன். நாற்பது வயதுக்காரர், பொறுமைசாலி. அவர் சொன்னதைப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஒரு எண் இருக்கிறது. கம்பெனி கொடுப்பது. நிரந்தரமில்லை. கரண்ட் போய் வந்தால் வேறு எண். பழைய எண்ணைத் தேடி வருபவர் வேறு யாரோ வீட்டு வாசலில் நிற்பார். அதனால்தான் பெயர். நம் பெட்டி சில நிமிடத்துக்கு ஒரு தரம் தன் எண் மாறியதா என்று பார்த்து, மாறியிருந்தால் பெயரை வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். பெயரை அடிப்பவருக்கு அவர்கள் புது எண்ணைக் காட்டுவார்கள். டைனமிக் டிஎன்எஸ் என்பது இவ்வளவுதான்.

"அப்ப பெட்டி சொல்லிட்டுத்தான இருக்குது? ஏன் தெறக்கல?"

குமரவேல் என் ரவுட்டரில் ஒரு எண்ணைக் காட்டினார். பிறகு வெளி உலகத்துக்கு நாங்கள் எந்த எண்ணாகத் தெரிகிறோம் என்று காட்டினார். இரண்டும் வேறு வேறு.

"சார், எங்க கம்பெனில அறுபது எழுவது வீட்டுக்குச் சேத்தி ஒரே நம்பர்தானுங்க. நீங்க வெளிய போறதுக்கு ஒண்ணும் பிரச்சினையில்ல. வெளிய இருந்து உள்ள வர்றவங்களுக்கு எந்த வீடுன்னு தெரியாது. பேரு செரியாத்தான் காட்டுது. வந்தவங்க முக்குலயே நின்னுக்கறாங்க."

"எனக்குன்னு தனி நம்பர் வாங்கிக் குடு குமரவேலு."

"எழுதிப் போடறனுங்க. ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரம் ஆகாது" என்றேன். கத்திவிட்டேன் போல. அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார். கதவு திறந்திருந்தது. சிவகாமி படுத்திருந்தது தெரிந்தது.

"நாளைக்கே திருப்பூர் ஆபீஸுக்கு நேர்ல போறனுங்க சார்" என்றார்.

ஜூலை 11, வியாழன்

குமரவேல் சொன்னபடி செய்தார். தனி எண் வந்தது. மாறக்கூடியதுதான், ஆனால் எங்கள் வீட்டுக்கு மட்டும். ரவுட்டரில் வெளியிலிருந்து வருபவரைப் பெட்டிக்கு அனுப்பும்படி வழி திறந்து வைத்தார்.

அப்புறமும் திறக்கவில்லை. அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தார். பெயரைப் புதுப்பிக்காததால் நேற்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். இலவசப் பெயர், மாதம் ஒரு தரம் மெயில் வரும், அதில் 'இன்னும் உபயோகிக்கிறேன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் முதலில் நிறுத்தி வைப்பார்கள். பிறகு பெயரை எடுத்துவிடுவார்கள். அதை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம்.

மெயில் சிவகாமியின் போனுக்கு வந்திருந்தது. 'சிவகாமிவீடு ஜூலை 13 அன்று நீக்கப்படும்.' இன்னும் இரண்டு நாள். அழுத்தினேன். முதல் தரம் விரல் வேறு எங்கோ பட்டது.

அதற்குக் கீழே பழைய மெயில்கள். ஜூன், மே, ஏப்ரல், மார்ச். நான் பெட்டியை அட்டத்தில் போட்ட பிறகு வந்தவை. எல்லாவற்றையும் அவள் அழுத்தியிருக்கிறாள். பெட்டி இல்லை, படம் போட முடியாது, மகள் வந்து பார்க்க முடியாது. ஆனாலும் அந்தப் பெயர் போய்விடாமல் மாதாமாதம் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். இந்த மாதம் படுக்கையில் கிடந்ததால் விட்டுப்போயிருக்கிறது.

தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

ஜூலை 12, வெள்ளி

பக்கத்து வீட்டு ரங்கநாயகியை உட்கார வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வைஃபையை அணைத்தால் போதும்தான், ஆனாலும் வெளியில் நின்று பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது. டீக்கடையில் நின்று பெயரை அடித்தேன். திறந்தது. முருங்கைப் பூ வந்தது. டீக்கடைக்காரர் "என்னங்க, உடம்புக்கு முடியலையா? உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சிவகாமி தலை வாரிவிடச் சொன்னாள். எனக்குப் பின்னத் தெரியாது. சும்மா முடிந்துவிட்டேன். தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, வீடியோ பதிவை ஓடவிட்டு, போனை டம்ளரில் சாய்த்து நிறுத்தினேன்.

"நீங்க வெளிய இருங்க" என்றாள்.

வாசலில் நின்றேன். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, "ஆச்சுங்க" என்று கூப்பிட்டாள். அவளே அந்தப் பெட்டியில் ஏற்றினாள். நான் பார்க்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஒன்பதிலிருந்து பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதமாகத் திறக்காத பெயரை இன்னமும் அவள் அடித்துப் பார்ப்பாளா? யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள்.

10.42. பிருந்தா. அனுமதி மறுக்கப்பட்டது.

10.43. மறுக்கப்பட்டது. 10.43. மறுக்கப்பட்டது. அதன் கீழே சிவப்பில்: மூன்று தவறான முயற்சி, இந்த எண் தடுக்கப்பட்டது.

வந்திருக்கிறாள். ஐந்து மாதம் கழித்துக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வர மூன்று தரம் தட்டியிருக்கிறாள். பெட்டி அவளைத் துரத்திவிட்டது.

சிவகாமி உள்ளேயிருந்து "வந்தாளா?" என்றாள். "இன்னும் இல்ல" என்றேன்.

ஏன் மறுத்தது என்று குமரவேலைக் கேட்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும். இங்கே எழுதாமலே விட்டுவிடலாம் என்றிருந்தேன். இனி முடியாது.

பிப்ரவரி 11 அன்று பெட்டியின் விளக்கு வேகமாகத் துடிப்பதைப் பார்த்து, என்னவென்று திறந்து பார்த்தேன். பிருந்தா உள்ளே இருந்தாள். அந்த நிமிடம் அவள் தன் அம்மாவின் கண்ணாடிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே நுழையும் கணக்கை முடக்கினேன்; இந்த வாரத்து ஓட்டத்தில் அதைத் திறக்க மறந்திருக்கிறேன். பிறகு வயரை உருவினேன். பெட்டியை அட்டத்தில் போட்டேன். மறு வாரம் நெட் கம்பெனியையும் மாற்றினேன், பழையபடி யாரும் மாட்டிவிடக் கூடாதென்று. சிவகாமியிடம் ரிப்பேர் என்றேன்.

மூன்று வருடம் முன்பும் நான் சத்தம் மட்டும் போடவில்லை. அவளை மாடி அறையில் நான்கு நாள் வைத்துப் பூட்டினேன். சாப்பாட்டுத் தட்டை நான்தான் கொண்டுபோய் வைத்தேன். ஐந்தாம் நாள் சிவகாமிதான் திறந்துவிட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவள் சொல்லவில்லை.

ஜூலை 15, திங்கள்

கணக்கை உயிர்ப்பித்தேன். தடையை எடுத்தேன். பழைய கடவுச்சொல்லே வேலை செய்யும் என்கிறார் குமரவேல். ஆனால் அதை அவளுக்கு யார் சொல்வது? அடுத்த ஞாயிறு வருவாளோ, இல்லை அப்பா மறுபடி ஏதோ வலை விரிக்கிறார் என்று விட்டுவிடுவாளோ.

ஷர்மிளாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். போய்ச் சேரவே இல்லை. தடுத்து வைத்திருக்கிறாள்.

ஜூலை 17, புதன்

பகலில் நாற்பது நிமிடம் கரண்ட் இல்லை. வந்ததும் ரவுட்டரில் வேறு எண். தெருமுனைக்கு ஓடிப்போய் போன் டேட்டாவில் அடித்தேன். திறக்கவில்லை. வெயிலில் அங்கேயே நின்று அடித்துக்கொண்டே இருந்தேன். ஆறாவது நிமிடம் திறந்தது. திரும்பி வந்தால் சிவகாமி படுக்கையை நனைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். ரங்கநாயகி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கீங்க போனீங்க?"

"இங்கதான்."

ஜூலை 19, வெள்ளி

சாப்பாடு நின்றுவிட்டது. பஞ்சில் நனைத்து உதட்டில் தண்ணீர் வைக்கிறேன். என்னை ஒரு தரம் "தம்பி" என்று கூப்பிட்டாள். அவள் தம்பி போய்ச் சேர்ந்து இருபது வருடமாகிறது.

ஜூலை 20, சனி

நாளைக்கு வராவிட்டால் அடுத்த ஞாயிறு வரை இவள் இருக்க மாட்டாள்.

ஜூலை 21, ஞாயிறு

10.40 ஒன்றுமில்லை. 11 ஒன்றுமில்லை. பதினொன்றரைக்குச் சிவகாமியின் கால் விரல்கள் சில்லென்று இருந்தன, தேய்த்துவிட்டேன். 12. விளக்கு துடித்தபோதெல்லாம் ஓடினேன்; பெட்டி தன் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன், பெயர் திறக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, வருவதற்குத்தான் ஆளில்லை.

1.05. பிருந்தா. அனுமதிக்கப்பட்டது.

வீடியோவைத் திறந்தாள். மறுபடி திறந்தாள். மூன்றாம் தரமும் திறந்தாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1.31க்குப் புதிதாக ஒரு கோப்பு வந்தது. நான்கே வரி.

'நாளைக்கு வர்றோம். அப்பா வீட்டில் இருக்கக் கூடாது. பெரியப்பா வீட்டு ஆள் யாரும் தெருவில் நிற்கக் கூடாது. ஒருவர் நின்றாலும் திரும்பிப் போய்விடுவோம்.'

சிவகாமிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் வரியை விட்டுவிட்டுப் படித்தேன்.

ஜூலை 22, திங்கள்

மருந்து வேளையெல்லாம் எழுதி சுவரில் ஒட்டினேன். பட்டை மாற்றும் நாள், பஞ்சு, டாக்டர் எண். அண்ணனுக்குப் போன் செய்து, யாராவது இந்தப் பக்கம் வந்தால் போலீஸுக்குப் போவேன் என்றேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றார். ஆமாம் என்றேன்.

சிவகாமியின் நெற்றியில் கை வைத்தேன். கண்ணைத் திறக்கவில்லை. ரங்கநாயகியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு அருகே லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன். முப்பத்து மூன்று வருடத்தில் அவளை இப்படி விட்டுவிட்டு வந்ததில்லை. நான் திரும்புவதற்குள் போய்விட்டால்?

மதியம் ரங்கநாயகி போன் செய்தாள். "வந்துட்டாங்க. சிவகாமி கண்ணத் தெறந்துட்டா."

ஜூலை 23, செவ்வாய்

லாட்ஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 24, புதன்

காலை ஏழரைக்குச் சிவகாமியின் எண்ணிலிருந்து அழைப்பு.

"அப்பா." அவள் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. "அம்மா உங்களக் கேக்கறாங்க. வாங்க."

ஆட்டோவில் போனேன். கேட்டைத் திறந்தது பிருந்தா கட்டிக்கொண்ட எட்வின். மூன்று வருடமாக இந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. என் பையை வாங்கிக்கொண்டு, "உள்ள இருக்காங்க" என்றான். சிவகாமிக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து "சாப்ட்டீங்களா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் புரியவில்லை.

ஜூலை 25, வியாழன்

காலை பத்தேகாலுக்குச் சிவகாமி போய்விட்டாள். ஒரு கை பிருந்தாவிடம், ஒரு கை என்னிடம்.

ஜூலை 27, சனி

இன்று மாலை அவர்கள் கிளம்பினார்கள். பிருந்தா இந்த மூன்று நாளும் தேவையானதை மட்டும்தான் என்னிடம் பேசினாள். வண்டியில் ஏறப்போகும்போது கூப்பிட்டு நிறுத்தினேன். சொல்லாமல் அனுப்பினால் நான் மனுஷன் இல்லை என்று தோன்றியது.

"பிப்ரவரியில அந்தப் பெட்டி ரிப்பேர் ஆகல. உன்ன உள்ள பாத்துட்டு நான்தான் வயர உருவுனேன். உங்கம்மாவுக்கு அது தெரியாது."

பிருந்தா என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா. நீங்க உருவறத அம்மா சமையல்கட்டுல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தாங்க. வீடியோவுல மொத வார்த்தையே அதுதான். 'வயரப் புடுங்குனது அப்பாதான் கண்ணு. இப்ப ஓடியோடி மாட்டிக் குடுத்ததும் அவருதான். இந்த ஒருக்கா நம்பி வா.' அதனாலதான் வந்தேன். நீங்களா கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்."

 அவள் கொஞ்சம் நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள். வண்டி திரும்பி முக்கைத் தாண்டும்வரை கேட்டைப் பிடித்தபடி நின்றேன்.

உள்ளே வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஐந்து மாதம். நான் ரிப்பேர் என்று சொன்ன அன்று மத்தியானம் சிவகாமி எனக்குச் சோறு போட்டாள். எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள். ஊற்று என்றேன். ஊற்றினாள்.